கிரீஸுக்கு ஐஎம்எஃப் சொன்னது ஆலோசனையா, உத்தரவா?

நீங்கள் கேட்டது இதுதான்: "ஐஎம்எஃப்பும் (சர்வதேச நாணய நிதியம்) ஐரோப்பிய ஒன்றியமும் கிரீஸுக்கு ஆலோசனைதானே சொன்னார்கள்? பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே. ஆலோசனையைக் கேட்டதால் அந்த நாடு விழுந்ததா, கேட்காததால் விழுந்ததா?" இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யாருக்கு என்ன அதிகாரம் இருந்தது என்பது முதலாவது. அதற்கு ஆவணங்களை வைத்தே பதில் சொல்லிவிடலாம். வேறு வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இரண்டாவது. அதில் பாதிதான் கணக்கு, மீதி ஊகம். எந்த இடத்தில் கணக்கு முடிந்து ஊகம் தொடங்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐஎம்எஃப் ஒரு நாட்டோடு இரண்டு விதமாகப் பேசும். ஒன்று, அதன் விதிகளில் நான்காம் பிரிவின் கீழ் வரும் வழக்கமான ஆய்வு. பெரும்பாலான நாடுகளுக்கு இது ஆண்டுதோறும் நடக்கும். ஒரு குழு வந்து நிதி அமைச்சகம், மத்திய வங்கி, தொழிற்சங்கம், வணிக அமைப்புகள் என்று எல்லோரையும் பார்த்துப் பேசி ஓர் அறிக்கை எழுதிவிட்டுப் போகும். ஜெர்மனிக்கும் இதுதான், இந்தியாவுக்கும் இதுதான். அரசு அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இதைத்தான் உண்மையில் ஆலோசனை என்று சொல்ல வேண்டும். இன்னொன்று, கடன் திட்டத்தின் கீழ் நடக்கும் பேச்சு. அங்கே பணம் மொத்தமாகக் கைக்கு வராது, தவணை தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒரு பரிசீலனை உண்டு. அதில் தேறினால்தான் அடுத்த தவணை. கிரீஸ் 2010 மே முதல் 2018 ஆகஸ்ட் வரை இந்த இரண்டாவது வகைப் பேச்சுக்குள்தான் இருந்தது.

நிபந்தனைகளும் ஒரே ரகம் கிடையாது. பரிசீலனை ஐஎம்எஃப்பின் நிர்வாக வாரியத்துக்குப் போகும் முன்பே முடித்துக் காட்ட வேண்டியவை முன் நடவடிக்கைகள். நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேற்றுவது பெரும்பாலும் இதில் வரும். அடுத்தது எண்ணளவு இலக்குகள்: முதன்மை இருப்பு, அதாவது வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்த வரவுசெலவு, இத்தனை கோடிக்குக் கீழே போகக் கூடாது, செலவு இத்தனைக்கு மேல் போகக் கூடாது, வெளிநாட்டுக் கடனில் ஒரு நாள்கூடப் பாக்கி விழக் கூடாது என்பது மாதிரி. இவற்றில் தவறினால் வாரியம் விலக்கு கொடுத்தால்தான் பணம் நகரும். மூன்றாவது, கட்டமைப்பு மைல்கற்கள்: வரித் துறைச் சீரமைப்பு, ஓய்வூதியச் சட்டம் போன்றவை. இவற்றில் கொஞ்சம் நெளிவு சுளிவு இருக்கும். இத்தனையும் அடங்கிய கடிதம் வாஷிங்டனிலிருந்து ஏதென்ஸுக்கு வரும் கடிதமாக இருக்காது. கிரீஸ் நிதி அமைச்சரும் மத்திய வங்கி ஆளுநரும் கையெழுத்திட்டு ஐஎம்எஃப் தலைவருக்கு அனுப்பும் கடிதம் அது. "நாங்கள் இவற்றைச் செய்ய உத்தேசித்துள்ளோம்" என்ற நடையில் இருக்கும். வாசகங்களில் பெரும்பகுதி இரு தரப்பும் பேசிப் பேசி எழுதியது, முதல் வரைவு பெரும்பாலும் ஐஎம்எஃப் குழுவினுடையது. அதனால்தான் ஆலோசனை என்று அவர்களும் உத்தரவு என்று மக்களும் சொல்ல, இரண்டுக்கும் ஆதாரம் கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் 2010இல் மறுத்திருக்க முடியாதா? சட்டப்படி முடியும். ஆனால் நாள்காட்டியைப் பாருங்கள். 2009க்கான பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தியில்) 3.7% என்று அந்த ஆண்டு வசந்த காலத்தில் பிரஸ்ஸல்ஸுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு, சொல்லப்பட்டிருந்தது. அக்டோபரில் பிரதமர் பாப்பாண்ட்ரேயுவின் அரசு பதவிக்கு வந்ததும் அது 12.5% ஆனது. 2010 நவம்பரில் ஐரோப்பியப் புள்ளியியல் அமைப்பான யூரோஸ்டாட் அதை 15.4% என்று ஏற்றது. இந்தக் கணக்கு வெளியே வரவர, கடன் பத்திரச் சந்தை கதவைச் சாத்திக்கொண்டே வந்தது. 2010 மே 19 அன்று சுமார் 850 கோடி யூரோ பத்திரம் முதிர்கிறது, கட்டுவதற்குப் பணம் இல்லை. ஏப்ரல் 23 அன்று கடன் கேட்கிறார்கள், மே 9 அன்று ஐஎம்எஃப் வாரியம் ஒப்புதல் தருகிறது, அந்த முதிர்வுத் தேதிக்கு முன்னால் முதல் தவணை இறங்குகிறது. மொத்தம் 11,000 கோடி யூரோ. அதில் 8,000 கோடி, யூரோ நாணயத்தைப் பயன்படுத்தும் நாடுகள் தந்த இருதரப்புக் கடன், 3,000 கோடி ஐஎம்எஃப்பினுடையது. ஐஎம்எஃப் பங்கு மட்டுமே கிரீஸின் ஒதுக்கீட்டில் (ஐஎம்எஃப்பில் அந்த நாட்டுக்கு உள்ள பங்குத் தொகையில்) 3,200 சதவீதத்துக்கு மேல். அன்றைய வழக்கமான உச்சவரம்பு மொத்தம் 600 சதவீதம்தான்.

என் பார்வையில் எல்லாவற்றுக்கும் மூலமான முடிவு அந்த மே 9 கூட்டத்தில்தான் எடுக்கப்பட்டது. வரம்பை மீறிக் கடன் கொடுக்க ஐஎம்எஃப்புக்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. அதில் ஒன்று, அந்த நாட்டின் கடன் தாங்கக்கூடியதாக இருக்க "அதிக வாய்ப்பு" இருக்க வேண்டும் என்பது. அப்படிச் சொல்ல ஐஎம்எஃப் ஊழியர்களுக்கே மனம் வரவில்லை. அதைச் சொல்ல முடியாவிட்டால் விதிப்படி முதலில் கடனைக் குறைக்க வேண்டும், அதாவது பத்திரம் வைத்திருப்பவர்கள் நட்டத்தில் பங்கெடுக்க வேண்டும். அந்தப் பத்திரங்களில் கணிசமான பகுதி பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகளிடமும் கிரீஸின் சொந்த வங்கிகளிடமும் இருந்தது. அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்து இருபது மாதம்கூட ஆகாத நேரம். எனவே, "சர்வதேச அளவில் பரவும் பெரிய ஆபத்து இருந்தால் இந்த நிபந்தனையைத் தளர்த்தலாம்" என்று புதிய விதிவிலக்கு ஒன்றைச் சேர்த்து, அதன் மேலேயே கடனை ஏற்றினார்கள். விதியை மாற்றுவதற்கென்று தனிக் கூட்டம் கிடையாது, கிரீஸ் கடன் ஆவணத்துக்குள்ளேயே அது நடந்தது. 2016 ஜனவரியில் ஐஎம்எஃப் அந்த விதிவிலக்கைத் தானே நீக்கிவிட்டது.

வாரியத்தில் எல்லோரும் தலையாட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்பாடு கசிந்த கூட்டப் பதிவுகளின்படி பிரேசில், அர்ஜென்டினா, சுவிட்சர்லாந்து இயக்குநர்கள், கடன் குறைப்பு ஏன் திட்டத்தில் இல்லை என்று கேட்டிருக்கிறார்கள். அன்று இந்தியாவின் இருக்கையில் இருந்தவர் அர்விந்த் விர்மானி. அதே இருக்கைதான் இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் பூடானுக்கும். நாணயக் கொள்கையின் துணை இல்லாமல் இவ்வளவு பெரிய வெட்டை ஒரு பொருளாதாரம் தாங்காது, விலை, வேலை, வரி வருவாய் மூன்றும் சேர்ந்து இறங்கி, கடைசியில் திட்டத்தையே கவிழ்த்துவிடும் என்ற பொருளில் அவர் எச்சரித்தார். நடந்ததைப் பின்னால் இருந்து பார்த்து விமர்சிப்பது சுலபம் என்று சிலர் சொல்வார்கள். இது முன்னாலேயே, அதே அறையில் சொல்லப்பட்டது.

அவர் சொன்னது எப்படிப் பலித்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஜிடிபி 100, கடன் 130 என்று வையுங்கள். அரசு 5 வெட்டுகிறது. ஒரு யூரோ வெட்டினால் உற்பத்தி அரை யூரோ குறையும் என்று திட்டம் எழுதியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெருக்கி 0.5 என்பார்கள். அப்படியானால் ஜிடிபி 97.5 ஆகும். வரி வருவாய் ஜிடிபியில் சுமார் 40% என்று வைத்தால், வரியில் 1 போகும், நிகர மிச்சம் 4. கடன் 126, விகிதம் ஏறத்தாழ 129%. கொஞ்சம் இறங்குகிறது, சரி. அதே பெருக்கி 1.5 என்றால்? ஜிடிபி 92.5 ஆகிறது, வரியில் 3 போகிறது, மிச்சம் வெறும் 2. கடன் 128, ஆனால் விகிதம் 138%. வெட்டியும் கடன் சுமை ஏறிவிட்டது. இலக்கு தவறியதால் அடுத்த பரிசீலனையில் இன்னும் வெட்டச் சொல்வார்கள். நெருக்கடிக் காலத்தில் பெருக்கி 0.9 முதல் 1.7 வரை இருந்திருக்கலாம் என்று 2012 அக்டோபரில் ஐஎம்எஃப் தானே எழுதியது. அப்போதைய தலைமைப் பொருளாதார நிபுணர் ஒலிவியே பிளாஞ்சாரும் டேனியல் லீயும் 2013 ஜனவரியில் அதை விரிவான ஆய்வாக வெளியிட்டார்கள். அது பல முன்னேறிய நாடுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு. கிரீஸுக்கு மட்டும் சரியான எண் எது என்பதில் இன்றும் பொருளாதார நிபுணர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் 0.5 குறைவு என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

முன்கணிப்பும் நடப்பும் எவ்வளவு தள்ளிப் போயின என்பதை 2013 ஜூனில் வந்த ஐஎம்எஃப்பின் சொந்தப் பின்மதிப்பீடே சொல்கிறது. 2009லிருந்து 2012க்குள் ஜிடிபி 5.5% சுருங்கும் என்று எழுதியிருந்தார்கள், சுருங்கியது 17%. 2012இல் வேலையின்மை 15% என்றார்கள், இருந்தது 25%. கடன் சீரமைப்பைத் தள்ளிப்போட்டது தவறு என்ற பொருளிலும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அதை ஏற்கவில்லை. 2010இல் கடனைக் குறைத்திருந்தால் மற்ற நாடுகளுக்குத் தொற்றியிருக்கும் என்றது. இந்த ஒரு விஷயத்தில் தீர்ப்பு எழுத எவராலும் முடியாது. தொற்று ஆபத்து உண்மையானதுதான்; அயர்லாந்தும் போர்த்துகலும் சில மாதங்களில் வரிசையில் வந்து நின்றன. ஆனால் அவை வந்தது கிரீஸில் கடன் குறைப்பு நடக்காதபோதுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

வெட்டு எப்படி நடந்தது என்பதற்கும் வருகிறேன், ஏனென்றால் எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதில்தான் பல கோளாறுகள். கிரீஸில் பன்னிரண்டு மாதச் சம்பளத்தோடு கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை விடுமுறைக்கான போனஸ் சேர்த்து ஆண்டுக்குப் பதினான்கு சம்பளம் என்பது வழக்கம். 2010 மேயில் அரசு ஊழியர்களுக்கு அது நிறுத்தப்பட்டு, மாதம் 3,000 யூரோவுக்கு மேல் வாங்காதவர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 1,000 யூரோ என்று ஆனது. ஓய்வூதியர்களில் 2,500 யூரோவுக்கு மேல் வாங்காதவர்களுக்கு 800. வாட் (மதிப்புக் கூட்டு வரி) 19 சதவீதத்திலிருந்து மார்ச்சில் 21, ஜூலையில் 23. 2011 செப்டம்பரில் சொத்து வரியை மின் கட்டண ரசீதிலேயே சேர்த்தார்கள். கட்டாவிட்டால் கரண்ட் கட். வரித் துறையால் வசூலிக்க முடியாததை மின் வாரியம் வசூலிக்கட்டும் என்ற ஏற்பாடு அது. மின் துண்டிப்புப் பகுதியை நீதிமன்றம் பிறகு ஏற்கவில்லை. உணவகங்களுக்கான வாட் 13லிருந்து 23க்கு ஏறி, 2013இல் 13க்கு இறங்கி, 2015இல் மறுபடி 23க்கு ஏறியது. நான்கு ஆண்டுக்குள் மூன்று முறை விலைப்பட்டியல் மாற்றிய கடைக்காரர் எந்த அரசையும் நம்ப மாட்டார்.

எண்ணளவு இலக்குக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொறியையும் காட்டுகிறேன், இது எல்லா ஐஎம்எஃப் திட்டங்களிலும் கவனிக்க வேண்டியது. முதன்மை இருப்பு இலக்கு ரொக்கக் கணக்கில் அளக்கப்பட்டது. ரொக்கக் கணக்கில் ஒரு பில்லைக் கட்டாமல் வைத்திருந்தால் அது செலவாகவே தெரியாது. எனவே காலாண்டு முடியும்போது மருத்துவமனைக்கு மருந்து சப்ளை செய்தவர், சாலை போட்ட ஒப்பந்ததாரர், வாட் திரும்பப் பெற வேண்டிய ஏற்றுமதியாளர் எல்லோரும் காத்திருந்தார்கள். இலக்கு எட்டப்பட்டது. ஆனால் ஏற்றுமதியாளரிடம் நடைமுறை மூலதனம் இல்லை, அவர் தன் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. இதைத் தடுக்கத்தான் உள்நாட்டு நிலுவைக்கும் தனி உச்சவரம்பு வைத்தார்கள். திரும்பத் திரும்ப மீறப்பட்டது அந்த வரம்புதான். பிறகு, சேர்ந்துபோன நிலுவையைத் தீர்க்கக் கடன் தவணையிலேயே தனித் தொகை ஒதுக்க வேண்டி வந்தது.

அடுத்த கோளாறு வரிசை முறையில். யூரோவுக்குள் இருக்கும் நாடு நாணய மதிப்பைக் குறைக்க முடியாது. ஐஎம்எஃப்பின் பழைய மருந்துப் பெட்டியில் முதலில் எடுப்பது அந்த மருந்துதான், இங்கே அது இல்லை. அதற்குப் பதில் கூலியைக் குறைத்து, அதன் வழியே விலையைக் குறைத்து, ஏற்றுமதியைக் கூட்டலாம் என்பது யோசனை. 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586 ஆனது, 25 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு 511. கூலி இறங்கியது, விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. பொருள் சந்தையில் போட்டி இல்லை, வாட் வேறு ஏறியிருந்தது. போட்டியைத் தடுக்கும் விதிகளை, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஈசிடி 2013இல் தேடிப் பார்த்தபோது 555 கிடைத்தன. அதில் ஒன்று, பதப்படுத்திய பாலை ஐந்து நாளுக்கு மேல் "புதிய பால்" என்று விற்கக் கூடாது என்பது. நுகர்வோர் நலம் போலத்தான் தெரியும். ஆனால் வட ஐரோப்பாவிலிருந்து லாரியில் வரும் பாலுக்கு வழியிலேயே அந்த நாட்கள் கழிந்துவிடும். உள்ளூர்ப் பால் நிறுவனங்களுக்கு அது ஒரு வேலி. அதை எடுக்கப் போனதும் 2014இல் ஆளும் கட்சிக்குள்ளேயே கலகம், வேளாண் துறை இணை அமைச்சர் பதவி விலகினார். 2015 ஜூலையில் ஐரோப்பியத் தலைவர்கள் இரவு முழுக்க உட்கார்ந்து எழுதிய அறிக்கையில்கூடப் பாலும் பேக்கரியும் மருந்துக்கடை உரிமையும் இடம்பெற்றன. ஊழியர் சம்பளத்தை வெட்ட ஒரு சட்டம் போதும். வேலி போட்டு வைத்திருக்கும் ஐம்பது தொழில்களைத் தொடுவதற்கு ஐம்பது சண்டை வேண்டும். அரசும் கடன்காரர்களும் சுலபமானதை முதலில் எடுத்தார்கள் என்பது என் கணிப்பு.

கடன் குறைப்பு கடைசியில் 2012 மார்ச்சில் வந்தது. தனியார் கையில் இருந்த சுமார் 20,600 கோடி யூரோ பத்திரங்களின் முகமதிப்பில் 53.5% வெட்டு. மீதி 46.5 சதவீதத்தில், 31.5%க்குப் புதிய நீண்டகாலப் பத்திரம், 15%க்கு ஐரோப்பிய நிதியத்தின் குறுகிய காலப் பத்திரம். ஒத்துவராத சிறுபான்மையினரையும் பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுத்தும் விதியைப் பழைய பத்திரங்களுக்கும் சேர்த்து பிப்ரவரியில் சட்டம் போட்டார்கள். பெரும்பாலான பத்திரங்கள் கிரீஸ் நாட்டுச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டிருந்ததால் அது முடிந்தது. ஆனால் இரண்டு ஆண்டு தாமதத்தில் எத்தனையோ பத்திரங்கள் முழு விலைக்கு முதிர்ந்து போயிருந்தன, அவற்றுக்குப் பதில் அரசுகளின் கடன் வந்து உட்கார்ந்திருந்தது. ஐரோப்பிய மத்திய வங்கி வைத்திருந்ததில் வெட்டு இல்லை. வெட்டு விழுந்த இடங்களில் கிரீஸின் சொந்த வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும் இருந்தன. வங்கிகளைத் தூக்கி நிறுத்த மறுபடி கடன். முகமதிப்பில் தெரிந்த நிவாரணம் கைக்கு வரும்போது வெகுவாகத் தேய்ந்துவிட்டது.

"அந்தப் பணம் எங்கே போனது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெர்லினில் உள்ள ஈஎஸ்எம்டி என்ற கல்வி நிறுவனம் 2016இல் கணக்குப் பார்த்தது. முதல் இரண்டு திட்டங்களில் வந்த 21,590 கோடி யூரோவில் கிரீஸ் பட்ஜெட்டுக்கு நேரடியாகப் போனது 970 கோடி, ஐந்து சதவீதத்துக்கும் கீழ். மீதி பழைய கடன், வட்டி, பத்திரப் பரிமாற்றம், வங்கி மூலதனம் என்று போனது. எண் சரிதான். அதை வைத்து "கிரீஸுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை" என்று சொல்வது மட்டும் சரியில்லை. அந்தப் பழைய கடனைக் கட்டாமல் விட்டிருந்தால் அதன் விளைவு வேறு. பழைய கடன்காரரை வெளியே அனுப்பிவிட்டுப் புதிய கடன்காரர் வந்து உட்கார்ந்தார் என்பது வரை உறுதியாகச் சொல்லலாம்.

இந்தப் புதிய கடன்காரர்தான் ஆலோசகரும் என்பதில் சிக்கல். ஊரில் கடன் கொடுத்தவரே கடைக்கு வந்து கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்தால், கடைக்கு நல்லது எது, தன் பாக்கிக்கு நல்லது எது என்று பிரித்துச் சொல்வாரா? ஐஎம்எஃப், ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி மூன்றையும் மூவர் குழு என்று ஒரே பெயரில் அழைத்தாலும் மூன்று பேருக்கும் மூன்று அக்கறை. ஐஎம்எஃப்புக்குத் தன் கடன் முதலில் திரும்ப வேண்டும், அதற்கு மற்றவர்கள் தங்கள் கடனைக் குறைத்தால் நல்லது. ஐரோப்பிய ஆணையம் பேசியது யூரோ நாடுகளுக்காக. அந்த நாடுகளின் அமைச்சர்களுக்கு வட்டியைக் குறைப்பதும் தவணையைத் தள்ளிப்போடுவதும் முடியும், அசலில் கை வைத்தால் சொந்த நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல முடியாது. ஐரோப்பிய மத்திய வங்கியின் கையில் இருந்ததோ வங்கிகளின் மூச்சு. 2015 இதற்கு நேரடிச் சான்று. ஜனவரியில் வந்த இடதுசாரிக் கட்சியான சிரிசாவின் அரசு முரண்டு பிடித்தது. பிப்ரவரி 4 அன்று கிரீஸ் பத்திரங்களைச் சாதாரணக் கடனுக்கு ஈடாக ஏற்பதை ஐரோப்பிய மத்திய வங்கி நிறுத்தியது. வங்கிகள் அவசரக் கடனை நம்பி ஓடின. ஜூன் 28 அன்று அந்த அவசரக் கடனின் உச்சவரம்பு உயர்த்தப்படவில்லை. மறுநாள் வங்கிகள் மூடின, ஏடிஎம்மில் நாளுக்கு 60 யூரோ. ஜூன் 30 அன்று ஐஎம்எஃப்புக்குக் கட்ட வேண்டிய தவணை தவறியது. எந்த முன்னேறிய நாடும் அதற்குமுன் அப்படித் தவறியதில்லை. கடன்காரர்களின் நிபந்தனைகளை ஏற்பதா என்று மக்களிடம் கேட்ட ஜூலை 5 வாக்கெடுப்பில் 61% பேர் "வேண்டாம்" என்றார்கள். ஒரு வாரத்தில் அரசு 8,600 கோடி யூரோ வரையிலான மூன்றாவது திட்டத்துக்கு ஒத்துக்கொண்டது. உங்கள் "வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே" என்ற கேள்விக்கு இதைவிடத் துல்லியமான பதில் இல்லை: சொன்னார்கள், யூரோவை விட்டு வெளியேறத் துணியாதவரை அந்தச் சொல்லுக்குப் பின்னால் பலம் இல்லை.

அந்த மூன்றாவது திட்டத்தில் ஐஎம்எஃப் பணமே போடவில்லை. ஐரோப்பியர்கள் ஜிடிபியில் 3.5% முதன்மை உபரி கேட்டார்கள், ஐஎம்எஃப் 1.5% போதும், ஆனால் கடனைக் குறையுங்கள் என்றது. அதே மூச்சில், பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வருமான வரியே கட்டாததையும் ஓய்வூதியத்துக்குப் பட்ஜெட்டிலிருந்து போகும் தொகையையும் மாற்ற வேண்டும் என்றது. இதனால் ஏதென்ஸில் அதற்குக் கெட்ட பெயர், பெர்லினிலும் கெட்ட பெயர். 2017இல் சட்டமே போடப்பட்டது: 2019 ஜனவரியில் ஓய்வூதிய வெட்டு, 2020இல் வரிவிலக்கு வரம்புக் குறைப்பு. 2018 ஆகஸ்ட் 20 அன்று திட்டம் முடிந்தது. அந்த டிசம்பரிலேயே ஓய்வூதிய வெட்டு ரத்து, 2019 மேயில் வரிவிலக்குக் குறைப்பும் ரத்து. தவணை நின்றதும் நிபந்தனை மறுபடி ஆலோசனையாகிவிட்டது.

கேட்டதில் நல்லது ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு, அவை சத்தமில்லாதவை. புள்ளியியல் அலுவலகம் நிதி அமைச்சகப் பிடியிலிருந்து விலகியது. அதன் கணக்குகளை யூரோஸ்டாட் தொடர்ந்து ஏற்றது, ஆனால் அதன் தலைவராக இருந்த ஆண்ட்ரேயாஸ் யோர்யூ ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். வரி வசூல் 2017 முதல் தனி அதிகாரத்தின் கீழ் வந்தது. உலக வங்கிக்கு இந்தக் கதையில் சிறிய பாத்திரம்தான். ஆனால் அதன் தொழில்நுட்ப உதவியோடு வடிவமைத்த குறைந்தபட்ச வருமான உதவி 2014இல் 13 நகராட்சிகளில் சோதிக்கப்பட்டு 2017இல் நாடு முழுக்க வந்தது. அதற்கு முன் பரம ஏழைகளுக்கென்று பொதுவான உதவித் திட்டமே அங்கே இல்லை. முதல் வெட்டு விழுவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய திட்டம் ஏழு ஆண்டு கழித்து வந்தது. இன்னொரு வேடிக்கை: வாட் ஏய்ப்பைக் குறைத்ததில் எந்த ஆலோசனைக்கும் குறையாத பங்கு 2015இன் 60 யூரோ கட்டுப்பாட்டுக்கு உண்டு. ரொக்கம் கிடைக்காததால் மக்கள் கார்டுக்கு மாறினார்கள், கார்டில் நடந்த விற்பனையை மறைக்க முடியவில்லை.

ஆக, கேட்டதாலா, கேட்காததாலா? 2009இன் பற்றாக்குறை யார் ஆலோசனையாலும் வந்ததில்லை, ஒரு வெட்டு எப்படியும் வந்திருக்கும். கடன் கிடைக்காமல் போயிருந்தால் அது ஒரே மாதத்தில் வந்திருக்கும். இது உறுதி. வெட்டின் அளவையும் வேகத்தையும் தவறான பெருக்கி கூட்டியது, கடன் குறைப்புத் தாமதம் இன்னும் கூட்டியது என்பதும் ஏறத்தாழ உறுதி. கேட்காததன் விலையும் உண்டு: தனியார்மயத்தில் 2015க்குள் 5,000 கோடி யூரோ என்று இலக்கு வைத்து அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆனால் அந்த இலக்கே நம்பக்கூடியதாக இருந்ததா என்பது வேறு விஷயம். 2010இலேயே கடனைக் குறைத்திருந்தால் எத்தனை சதவீதச் சுருக்கம் தப்பியிருக்கும், யூரோவை விட்டு வெளியேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கெல்லாம் எண் சொல்பவர்கள் ஒரு மாதிரியை ஓட்டிச் சொல்கிறார்கள். மாதிரிக்குள் எதைப் போட்டார்கள் என்று பார்க்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்களே ஒரு திட்ட ஆவணத்தைத் திறந்து பார்க்க விரும்பினால், முன்னுரையை விட்டுவிடுங்கள். முதலில் பின்பகுதியில் உள்ள முன் நடவடிக்கைகள் அட்டவணைக்குப் போங்கள். கடன்காரர் உண்மையில் எதை வலியுறுத்தினார் என்பது அங்கே இருக்கும். பிறகு கடன் தாங்குதிறன் பகுதியில் வளர்ச்சி, முதன்மை உபரி, தனியார்மய வருவாய் மூன்றுக்கும் என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நாடு முந்தைய பத்தாண்டில் ஒரு தடவையாவது அந்த உபரியைத் தொடர்ந்து வைத்திருந்ததா என்று ஒப்பிடுங்கள். மூன்றாவது, தொழில்நுட்பக் குறிப்பில் இலக்கு ரொக்கக் கணக்கிலா, அல்லது பணம் கட்டாவிட்டாலும் பில் எழுந்த உடனே செலவாக எழுதும் கணக்கிலா என்று பாருங்கள். ரொக்கம் என்றால் உள்நாட்டு நிலுவைத் தொகை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். அடுத்தடுத்த பரிசீலனை அறிக்கைகளில் அந்த ஓர் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால், இலக்கு யார் செலவில் எட்டப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.